வீட்டுக்குள் ஒரு வலசை: தார்ப் பாலைவனத்தில் குடும்ப வீடு குறித்துச் சில கேள்விகள்

1. கேள்வி

2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. இந்தியாவில் முறைப்படி அளக்கப்பட்ட வெப்பநிலைகளில் அதுவே உச்சம் எனக் கொள்ளப்படுகிறது. பலோடி தார்ப் பாலைவனப் பகுதியைச் சேர்ந்த ஊர். அதற்கு மேற்கே ஜெய்சல்மேர், தென்மேற்கே பார்மேர். ஜெய்சல்மேரில் மே மாதப் பகல் உச்சம் சராசரியாக 41, 42 டிகிரியைத் தொடும். இரவில் 26, 27 வரை இறங்கும். ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஜனவரி இரவில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. இப்படிப்பட்ட ஊரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் குறைந்த மின்சாரத்திலும் குறைந்த தண்ணீரிலும் வாழ எத்தகைய வீடு வேண்டும்?

கட்டடக்கலை நூல்களில் இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: கனத்த மண் அல்லது கல் சுவர், சிறிய ஜன்னல், நடுவில் முற்றம், முடிந்தால் காற்றுக்கோபுரம், குறுகிய நிழல் தெரு. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்தப் பட்டியல் பெரும் மதிப்புப் பெற்றது. ‘மரபு அறிவு’ என்ற பெயரில் இன்று கட்டுமான நிறுவனங்களின் விளம்பரங்கள்வரை வந்துவிட்டது. பட்டியலில் உள்ள எதுவும் பொய்யில்லை. ஆனால் அது முழுமையானதுதானா? அந்தப் பழைய வீடுகளில் வாழ்ந்தவர்களைச் சுவர் மட்டும்தான் காப்பாற்றியதா?

கிடைக்கும் சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், சுவர் பாதி வேலையைத்தான் செய்தது என்று தோன்றுகிறது. மீதிப் பாதியைச் செய்தது, வீட்டுக்குள்ளேயே அந்தக் குடும்பம் நாள்தோறும் நடத்திய வலசை. காலையில் ஓரிடம், உச்சிவெயிலில் ஓரிடம், இரவில் வேறோரிடம் என்று அவர்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். அந்த நகர்வுக்கு இடம் தராத வீட்டில் எத்தனை கனத்த சுவர் எழுப்பினாலும் கோடையில் அது ஏமாற்றும். இந்தக் கருத்தை நிறுவ முயல்வதும், இதற்கு எதிராக எழக்கூடிய கேள்விகளைப் பரிசீலிப்பதுமே இக்கட்டுரையின் வேலை.

2. மார்ச் மாதத்து வெப்பமானி

மண் வீட்டுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தியில் (1900–1989) தொடங்குவார்கள். அது நியாயமானதே. லக்ஸருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பழங்காலக் கல்லறைகளின் மேல் குடியிருந்த குர்னா மக்களுக்காக 1940களில் அவர் கட்டத் தொடங்கிய புதிய குர்னா, மண் கட்டடக்கலையின் நவீன அடையாளமாகிவிட்டது. மரச் சாரம் இல்லாமலே பச்சை மண்கல்லால் வளைகூரை எழுப்பும் அஸ்வான் கொத்தர்களின் நுட்பத்தை அவர் அங்கே கொண்டுவந்தார். அக்கூரை வெறும் பழங்கதையில்லை என்பதற்கு, ராம்செஸ் காலத்து மண் தானியக் கிடங்குகளின் வளைவுகள் ராமேசியம் கோயிலில் இன்றும் நிற்பதே சான்று.

ஃபாத்தி வெறும் அழகியல்வாதியும் இல்லை. 1964 மார்ச்சில் கெய்ரோவின் கட்டட ஆராய்ச்சி மையத்தில் வெவ்வேறு பொருட்களால் கட்டிய சோதனை அறைகளை ஒப்பிட்ட அளவீடுகளை, 1986இல் வெளிவந்த தம் நூலில் தருகிறார். 50 சென்டிமீட்டர் மண்சுவரும் மண் வளைகூரையும் கொண்ட அறையில் வெப்பநிலை நாள் முழுக்க இரண்டு டிகிரிக்குமேல் மாறவில்லை. 21க்கும் 23க்கும் இடையில் நின்றது. 10 சென்டிமீட்டர் ஆயத்தக் கான்கிரீட் பலகைகளால் ஆன அறையோ பகலில் 36 டிகிரிவரை ஏறியது. இந்த ஒப்பீடு பிறகு எண்ணற்ற கட்டுரைகளில் எடுத்தாளப்பட்டது.

எடுத்தாண்டவர்களில் பலர் கவனிக்காத சொல் ‘மார்ச்’. கனத்த சுவர் வெப்பத்தை இல்லாமலாக்குவதில்லை. பகலின் உச்சத்தையும் இரவின் தாழ்வையும் சராசரியாக்கி, அந்தச் சராசரியை உள்ளே வைத்திருக்கிறது. கெய்ரோவில் மார்ச் மாதச் சராசரி இதமானது. ஆகவே அறையும் இதமாக இருந்தது. அதே அறையைக் கோடையில் லக்ஸருக்குக் கொண்டுபோனால், பகல் சுமார் 41, இரவு சுமார் 24 என்னும் நிலையில் அது 32, 33 டிகிரியில் நிலைகொள்ளும். ஜெய்சல்மேரின் மே மாதத்தில் 34. பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே 42 இருக்கையில் 34 என்பது வரம்தான். நள்ளிரவில் வெளியே 28 இருக்கும்போது உள்ளே 34 என்பது தண்டனை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 40 சென்டிமீட்டர் மண்சுவரின் வெளிப்பக்கத்தில் விழும் வெப்பம் உள்பக்கம் வந்துசேர ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் ஆகும். மாலை மூன்று மணி வெயிலைக் குடித்த மேற்குச் சுவர் அதை விடியற்காலை வாக்கில், வீட்டார் உறங்கும் நேரத்தில், உள்ளே கக்கும். பகலுக்கு நண்பனாகிய சுவர் இரவுக்குப் பகைவனாகிறது.

துறை வல்லுநர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. இரவுக் காற்றை உள்ளே விட்டுச் சுவரைக் குளிரவைக்கும் முறையைப் பற்றி 1994இல் எழுதிய பரூக் கிவோனி, அது நன்கு பலன் தருவதற்குரிய எல்லையை வரையறுத்தார்: பகல் உச்சம் 30 முதல் 36 டிகிரி, இரவுத் தாழ்வு 20க்குக் கீழே. இஸ்ரேலின் நெகெவ் மேட்டுநிலம் இந்த எல்லைக்குள் வரும். தார்ப் பாலைவனத்தின் மே, ஜூன் மாதங்கள் வராது. ‘வெப்பப் பாலை’ என்ற ஒரே பெயரில் எல்லா வறள்நிலங்களையும் அடக்கி, ஓரிடத்துச் சோதனையை வேறோரிடத்துக்கு விதியாக்குவது இத்துறையின் நெடுநாள் பழக்கம். (சென்னைக்குக் கனத்த மண்சுவரைப் பரிந்துரைக்கும் நம்மூர் ஆர்வலர்களும் இதே தவற்றைச் செய்கிறார்கள். பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு குறைந்த, ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் சுவரின் கனம் தரும் லாபம் சொற்பம்.)

எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் சரியில்லை. ரூர்க்கியிலும் பாக்தாத்திலும் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1974இல் பெர்கஸ் நிக்கோல் எழுதிய ஆய்வு, அங்குள்ள மக்கள் 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும், காற்றசைவு இருந்தால், சுகமாக இருப்பதாகச் சொன்னார்கள் என்று காட்டியது. ஐரோப்பிய அலுவலகத்துக்கு வகுத்த 24 டிகிரி இலக்கணம் இங்கே பொருந்தாது. ஆகவே 34 டிகிரி அறையில் மின்விசிறியின் கீழே பகலைக் கழித்துவிடலாம். கழிக்க முடியாதது இரவு.

3. முற்றமும் காற்றுக்கோபுரமும்

இவ்விரண்டையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். புகழ் அதிகம், நிபந்தனைகள் அதைவிட அதிகம்.

முற்றம் தானாகவே குளிர்ச்சி தரும் என்பது நம்பிக்கை. ஜூன் நடுப்பகலில் ஜெய்சல்மேரில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது; அகன்ற முற்றத்தின் தரை அப்போது அடுப்புக்கல். 1995இல் மெயிர், பெர்ல்மட்டர், எட்சியோன் ஆகிய மூவர் நெகெவில் இரு முற்றங்களை அளந்து வெளியிட்ட ஆய்வும், திசையையும் நிழலையும் கவனிக்காமல் அமைத்த முற்றம் சூடேறும் இடமாகிவிடும் என்றே எச்சரித்தது. ஆழமாகவும் குறுகலாகவும் இருந்து, மேலே துணியோ பந்தலோ பகலில் விரிந்து, மாலையில் சுருட்டப்பட்டு, தரையில் தண்ணீர் தெளிக்கப்பட்டால் முற்றம் குளிரும். அதாவது, யாராவது அதை நாள்தோறும் இயக்க வேண்டும்.

ஈரானின் யாஸ்த் நகரத்துக் காற்றுக்கோபுரங்களை 1978இல் மெஹ்தி பஹதோரி உலகுக்கு விரிவாக அறிமுகப்படுத்தினார். தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் சுமார் 33 மீட்டர் உயரம். கீழே நீர்த்தொட்டியோ நிலத்தடிக் கால்வாயின் ஈரமோ இருந்தால்தான் அது பகலில் குளிர்ந்த காற்றைத் தரும். இல்லையேல் 42 டிகிரி அனலையும் மணலையும் கூடத்துக்குள் இறக்கும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அக்கோபுரத்தைக் கட்டும் செலவில் வேறு பல காரியங்கள் செய்யலாம். அபுதாபியின் மஸ்தார் நகரில் எழுப்பிய 45 மீட்டர் கோபுரத்தை ஒரு பொதுச் சதுக்கத்தின் அடையாளச் சின்னமாகப் பார்ப்பதே பொருத்தம்; வீட்டுக்கு அது முன்மாதிரி இல்லை.

4. ஹவேலியா, தாணியா?

பாலைவன வீட்டில் குடும்பம் எப்படி நகர்ந்தது என்பதற்குத் தெளிவான சித்திரம் பாக்தாத்தின் பழைய வீடுகளைப் பற்றிய ஆய்வுகளில் கிடைக்கிறது. ஜான் வாரனும் இஹ்சான் ஃபெத்தியும் 1982இல் எழுதிய நூல் அவற்றுள் முக்கியமானது. கோடையில் மதிய உணவுக்குப் பின் குடும்பம் முழுதும் சர்தாப் எனப்படும் நிலவறைக்கு இறங்கும். சூரியன் சாய்ந்ததும் தண்ணீர் தெளித்த முற்றத்துக்கு வரும். இரவில் படுக்கை மொட்டைமாடியில். குளிர்காலத்தில் வெயில் விழும் மாடி அறைகள். யாஸ்திலும் முற்றத்தின் தென்பக்கம் கோடைக்கு, வடபக்கம் குளிர்காலத்துக்கு. அறைக்குப் பெயர் ஆளைக் கொண்டு அமையவில்லை, பருவத்தைக் கொண்டு அமைந்தது. ‘இது மகனின் அறை, அது பெற்றோரின் அறை’ என்ற பகுப்பு அங்கே எடுபடாது.

ஜெய்சல்மேரின் மஞ்சள் மணற்கல் மாளிகைகளான ஹவேலிகளிலும் இதே ஒழுங்கு உண்டு. 1985இல் வினோத் குப்தா அந்நகரின் இயற்கைக் குளிர்ச்சி முறைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து இந்தியக் கட்டடக்கலை மாணவர்கள் ஹவேலியை விரும்பிப் படித்துவருகிறார்கள். ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது: ஹவேலி யாருடைய வீடு? பட்வா வணிகக் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐந்து மாளிகைத் தொகுதி, வணிகச் செல்வத்தின் விளைவு. நேரத்துக்கு ஓர் அறையும் பருவத்துக்கு ஒரு தளமும் வைத்துக்கொள்ள அவர்களால் முடிந்தது. 60 சதுர மீட்டரில் வாழும் குடும்பம் கோடை அறையைக் குளிர்காலத்திலும் குளிர்கால அறையைக் கோடையிலும் பூட்டிவைக்க முடியுமா? ஹவேலியிலிருந்து ஜாலி எனப்படும் துளைச் சல்லடைத் திரையையும் முகப்பையும் எடுத்துக்கொண்டு, அதன் உயிராகிய உபரி இடத்தை விட்டுவிடும் நகல்கள்தான் இன்று நெடுஞ்சாலையோர உணவு விடுதிகளாகவும் ஓய்வு மாளிகைகளாகவும் நிற்கின்றன.

ஏழைகளின் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. தார்ப் பகுதியில் வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் குடியிருப்பைத் தாணி என்பார்கள். சாணமும் மண்ணும் மெழுகிய பெரிய ஆங்கன், அதாவது முற்றம். அதைச் சுற்றி ஜோம்பா என்னும் வட்டக் குடிசைகள். மண்சுவரும் புல்கூரையும் கொண்ட நீள்சதுரக் கட்டடம். சற்றுத் தள்ளி அடுக்களை. இதைப் ‘பழமையான குடிசைக் கூட்டம்’ என்று கடந்துவிடுகிறோம். வெப்ப நோக்கில் பார்த்தால், வீட்டின் மூன்று வேலைகளை இது மூன்று கட்டுமானங்களுக்குப் பிரித்துத் தந்திருக்கிறது. மண்சுவர் பகலுக்கு. சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே ஆறிவிடும் புல்கூரை நிழல் மாலைக்கு. கயிற்றுக் கட்டிலோடு திறந்த ஆங்கன் இரவுக்கு. சமையலின் சூடு இவை எதிலும் கலப்பதில்லை. தெளிந்த வறண்ட வானத்தின் கீழே, தரையும் கட்டிலும் உடலும் தம் வெப்பத்தை நேரே ஆகாயத்துக்கு அனுப்புகின்றன; செலவில்லாத குளிர்சாதனம் அது.

பகலறைகளைக் கனமாகவும் இரவறைகளை இலேசாகவும் கட்டுங்கள் என்பது வெப்பமண்டல வீடமைப்புக் கையேடுகளில் பல காலமாக உள்ள ஆலோசனைதான். கோனிக்ஸ்பெர்கரும் உடனாசிரியர்களும் 1970களில் எழுதிய நூலை இந்தியக் கல்லூரிகள் இன்றும் பாடமாக வைத்திருக்கின்றன. ஆனால் அதன் வாழும் உதாரணமாகத் தாணியைக் காட்டாமல் ஹவேலியைக் காட்டியதால், சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு அழகான விடையே கட்டடக்கலையின் விடையாகவும் ஆகிவிட்டது.

தாணியின் தர்க்கத்தை இன்றைய மனைக்குக் கொண்டுவருவது கடினமில்லை. வீட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓட வேண்டும். கோடையில் தெற்குச் சுவரின் மேல் வெயில் மிகக் குறைவாகவே விழும். ஒரு சிறு சன்ஷேட் போதும். குளிர்காலத்தில் நடுப்பகல் சூரியன் 40 டிகிரி உயரத்துக்குத் தாழ்ந்து தெற்கு ஜன்னல் வழியே உள்ளே வரும். கிழக்கும் மேற்கும்தான் எதிரிகள். அப்பக்கங்களில் குளியலறை, சாமான் அறை, மாடிப்படி ஆகியவற்றை வைத்துக் கேடயமாக்கலாம். நடுவில் கனத்த சுவருடைய ஒரு பகற்கூடம். வடக்கே இலேசான கூரையிட்ட ஆழமான தாழ்வாரம். அதற்கப்பால் உயர்ந்த மதில் சூழ்ந்த முற்றம். மேலே படுக்கத் தகுந்த மொட்டைமாடி. படுக்கையறை என்று தனியே ஒன்று வேண்டுமா என்பது பிறகு வரும்.

5. மண் கரைந்தபோது

இங்கே மண்ணுக்கு எதிரான சாட்சியத்தையும் கேட்டாக வேண்டும். 2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரை நிலநடுக்கம் தாக்கியது. அரசுக் கணக்கிலேயே 26,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். கனத்த மண் கூரையும் பிணைப்பற்ற சுவரும் உறங்கியவர்கள்மேல் விழுந்ததே பெருங்காரணம். வெயிலிலிருந்து காத்த அதே கனம் கொன்றது.

தார்ப் பகுதியின் பாடம் தண்ணீரிலிருந்து வந்தது. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் சில நாட்களுக்குள் ஆண்டு மழையைவிடப் பன்மடங்கு கொட்டியது. கவாஸ் கிராமத்தில் வெள்ளம் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது, மண்வீடுகள் கரைந்துபோயின. பாலைவனத்தில் மழை அரிது என்பதால் அடித்தளத்தை அலட்சியமாகப் போடுவது எத்தகைய சூதாட்டம் என்பதை அந்த மாதம் காட்டிற்று. பின்னர் அங்கே ‘சீட்ஸ்’ என்ற தொண்டு நிறுவனம் சிமென்ட் சேர்த்து அழுத்திய மண்கற்களால் வட்ட வடிவ வீடுகளைக் கட்டித் தந்தது. வட்டம் பழைய ஜோம்பாவின் வடிவம், கல் புதியது. குஜராத்தின் கச்சிலும் 2001 நிலநடுக்கத்தில் பல செவ்வக வீடுகள் இடிய, புங்கா எனப்படும் வட்ட வீடுகள் பெரும்பாலும் தாங்கின.

அழுத்திய மண்கல் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமில்லை. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிறுவனம், சுமார் 5 விழுக்காடு சிமென்ட் சேர்த்துச் சூளையில்லாமல் செய்யும் இக்கல்லைப் பல பதிற்றாண்டுகளாக மேம்படுத்திவருகிறது. 2004இல் சவூதி அரேபியாவின் ரியாத்தில் ஒரு பள்ளிவாசலை இக்கல்லாலேயே ஏழு வாரங்களில் எழுப்பியவர்கள் அவர்கள். பாலைவனத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன உருப்படியான தொழில்நுட்பங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே பொருளைப் பற்றிய என் நிலைப்பாடு எளிது. ஜெய்சல்மேரில் கல் காலடியில் கிடைக்கிறது, கல்லால் கட்டலாம். பார்மேரில் மணல்; அழுத்திய மண்கல். இரண்டிலும் தரைமட்டத்துக்குமேல் உயர்ந்த கல் அடித்தளமும், சுவரைச் சுற்றிலும் இறுக்கும் கம்பி வளையப் பட்டையும் கட்டாயம். ‘முழுதும் இயற்கை’ என்ற பெருமைக்காக அந்தக் கம்பியையும் சிமென்டையும் மிச்சம்பிடிப்பது பொறுப்பற்ற செயல். நிலவறை ஆசை பலருக்கு உண்டு. மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் மண் ஆண்டுச் சராசரியில், அதாவது 27 டிகிரி அளவில், நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் ஜெய்சல்மேரில் பாறையை உடைக்கும் செலவு, தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் என இரண்டையும் கணக்கிட்டால், மேடான மணல்நிலத்தில் மட்டுமே அது தகும்.

6. தண்ணீரும் குளிர்ச்சியும்: ஒரு கணக்கு

வறண்ட காற்றைக் குளிரவைக்க எளிய வழி தண்ணீரை ஆவியாக்குவது. வடமேற்கு இந்தியாவில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் தொங்கும் ஏர் கூலர் இதைத்தான் செய்கிறது. ஏசியைவிட அது சூழலுக்கு உகந்தது என்பது பொது எண்ணம். தண்ணீரே அரிதான நிலத்தில் அந்த எண்ணம் எவ்வளவு தாங்கும்?

100 சதுர மீட்டர் கூரையில் 180 மில்லிமீட்டர் மழை விழுந்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானால், டாங்காவில், அதாவது வீட்டு நிலத்தடித் தொட்டியில், சேர்வது 14,400 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர். ஏறத்தாழ 288 நாட்களுக்கு அது வரும், மோசமில்லை. இப்போது கூலரைச் சேர்ப்போம். குறைவாக வைத்து மணிக்கு 8 லிட்டர், நாளைக்கு 8 மணி நேரம், கோடையில் 100 நாட்கள்: 6,400 லிட்டர். குடும்பத்தின் நான்கு மாதக் குடிநீரை ஜன்னல் வழியே காற்றில் விடுகிறோம். குழாய்நீர் இருக்கிறதே என்றால், அந்தக் குழாய்க்கு வரும் இந்திரா காந்தி கால்வாய் நீர் பஞ்சாபின் ஆறுகளிலிருந்து வருகிறது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துச்செல்லும். 8 லிட்டருக்கு 5.4 யூனிட். இதே குளிர்ச்சியை ஏசி தர ஒன்றரை யூனிட் மின்சாரம் தேவை. அந்த மின்சாரம் நிலக்கரி நிலையத்திலிருந்து வந்தால், பழைய அனல்மின் நிலையங்களுக்கு 2015இல் அரசு விதித்த உச்சவரம்பின்படி யூனிட்டுக்கு 3.5 லிட்டர் நீர் அங்கே செலவாகலாம். அதாவது ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். எட்டுக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளி சிறிது. மின் சிக்கனத்தில் கூலரே முன்னால் நிற்கிறது. ஆனால் மின்சாரம் சொந்தக் கூரையின் சூரியத் தகட்டிலிருந்து வந்தால், தகடு கழுவும் தண்ணீர் தவிர வேறு நீர்ச்செலவில்லை; தராசு புரண்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, கூலர் தரும் குளிர்ச்சியில் ஒரு பகுதி எதிர் ஜன்னல் வழியே வெளியேறிவிடும்; ஏசி சிறிய, மூடிய அறைக்குள் அதைக் காத்துவைக்கும்.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு மரபு ஆர்வலர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பாலைவனக் குடும்ப வீட்டில் ஒரே ஒரு சிறிய அறை, 10 சதுர மீட்டர் அளவில், நன்றாக வெப்பக்காப்பு இட்டு, ஏசியோடு இருப்பது தவறில்லை. இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத அனலலை நாட்களில் மொட்டைமாடியும் காப்பாற்றாது. அந்த அறையின் சுவருக்கு மட்டும் உட்பக்கத்தில் வெப்பக்காப்பு வேண்டும். கனத்த சுவரை ஏசியால் குளிரவைக்க முயன்றால் அது பல மணி நேர மின்சாரத்தைக் கல்லுக்கு ஊட்டுவதாகும்.

தண்ணீர் மிகுதியும் ஆபத்தே என்பதற்கு ஜெய்சல்மேர் கோட்டையே சாட்சி. குடம் குடமாகச் சுமந்த காலத்தில் நூற்றாண்டுகள் நின்ற குன்று, குழாய்நீர் வந்தபின் கழிவுநீர் கசிந்து இளகியது. சில கொத்தளங்கள் சரிந்தன. குளியல் நீரை முற்றத்து மரத்துக்குத் திருப்பும் வடிகாலை வீட்டின் வரைபடத்திலேயே குறிக்க வேண்டியது அவசியம்.

7. மொட்டைமாடிக்கு மூன்று உரிமையாளர்கள்

கோடையில் வீட்டின்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கு கூரையில் விழுகிறது. ஆகவே சுவரைவிடக் கூரையே முதல் கவலையாக இருக்க வேண்டும். 12 சென்டிமீட்டர் வெற்றுக் கான்கிரீட் தளம் போட்டுவிட்டுச் சுவரை அரை மீட்டர் கனமாகக் கட்டுவது, குடையில்லாமல் கம்பளிச் சட்டை அணிந்து வெயிலில் நிற்பதற்கு ஒப்பு. தளத்தின் மேல் கவிழ்த்த மண்கலங்களோ வெப்பக்காப்போ, அதன் மேல் சுண்ணாம்பு, அதன் மேல் வெள்ளை ஓட்டுச் சில்லுகள் என்பது செலவுக்கேற்ற பலன் தரும் முறை. மணற்காற்று வெண்மையை மங்கவைக்கும். கோடைக்கு முன் ஒருமுறை கழுவிச் சுண்ணாம்பு பூச வேண்டும்.

இக்கூரையை இன்று மூன்று தேவைகள் பங்கு கேட்கின்றன. இரவில் படுக்க வெட்டவெளி. பகலில் மின்சாரத்துக்குச் சூரியத் தகடு. ஆண்டுக்குச் சில நாட்கள் மழைநீருக்குத் தூய்மையான தளம். 2024இல் ஒன்றிய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது; வரவேற்கத்தக்கது. ஆனால் தகடுகளைத் தளம் முழுதும் பரப்பினால் படுக்கை பறிபோகிறது. உயர்ந்த சட்டத்தில் ஏற்றினால் பகலில் நிழல் கிடைக்கிறது. இரவில் அதே தகடு வானத்தை மறைத்து, தளம் ஆறுவதைத் தடுக்கிறது. மாடிப்படிக் கூண்டின் மேலும் தாழ்வாரக் கூரையின் மேலும் தகடுகளை அடக்கி, பகற்கூடத்தின் மேலுள்ள தளத்தைத் திறந்து விடுவதே எனக்குத் தெரிந்த நியாயமான பங்கீடு. மானிய விண்ணப்பத்துக்கு வரைபடம் போடும் ஒப்பந்ததாரர், எத்தனை கிலோவாட் ஏறும் என்று மட்டும் பார்க்கக் கூடாது; வீட்டார் எங்கே படுப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

8. யாரால் நகர முடியும்?

வலசையைப் புகழ்வதில் ஒரு கண்மறைப்பு உண்டு. பாக்தாத் வீட்டில் குடும்பம் நிலவறையில் கண்ணயர்ந்தபோது பாத்திரம் கழுவியது யார்? நள்ளிரவில் படுக்கைகளை மாடிக்கு ஏற்றியவர் யார்? பிரசவித்த பெண், மூட்டுவலிக்கார மூதாட்டி, பக்கவாதத்தில் கிடப்பவர் ஆகியோருக்கு மாடிப்படி ஒரு மதில். பர்தா வழக்கமுள்ள தெருவில் இளம்பெண்கள் பக்கத்து மாடியின் பார்வையில் எப்படி உறங்குவார்கள்? தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கு இரவில் விளக்கும் கதவும் உள்ள ஓரிடம் வேண்டாமா? மக்கள் மொட்டைமாடியைக் கைவிட்டு அறைக்குள் போனதை நாகரிக மோகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தூசி, கொசு, திருட்டு பயம், தனிமையின் தேவை எல்லாம் அதில் உண்டு.

இக்கேள்விகளுக்கு வடிவமைப்பில் விடை தேட முடியும். மாடியின் கைப்பிடிச் சுவரை ஆளுயரத்துக்கு எழுப்பி, காற்றுக்கு ஜாலி வைக்கலாம். ஜாலி உண்மையில் பயன்படும் இடம் அதுதான். மாடிப்படி, முதியவர் கைப்பிடித்து ஏறும் சரிவில், வீட்டுக்குள்ளிருந்தே தொடங்க வேண்டும். ஏற முடியாதவருக்கு முற்றத்திலேயே கட்டில் போடும் மேடை; அதிலிருந்து பத்தடி தூரத்துக்குள் கழிப்பறை. அடுக்களை வடகிழக்கு மூலையில், புகைக்கும் வெப்பத்துக்கும் உயரத்தில் திறப்போடு. பகல் முழுதும் அங்கே நிற்பவரின் உடல் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத எந்தச் ‘சராசரி அறை வெப்பநிலை’யும் பொய்க்கணக்கு. முன்னே சொன்ன குளிர்ந்த சிறு அறை படிக்கவும் நோயுற்றவர் படுக்கவும் பயன்படட்டும். குடும்பத் தலைவரின் தனியறையாக அது மாறிவிடக் கூடாது.

9. விதிகள் எதை அளக்கின்றன?

இந்தியாவில் குடியிருப்புக் கட்டடங்களுக்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு 2018இல் வந்தது. வெளிச்சுவர்கள் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற வரம்பையும், கூரைக்குத் தனி வரம்பையும் அது வகுத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த வெப்பக் கணக்கில் வீடு என்பது மூடிய பெட்டி. சுவரின் கனம் தரும் காலதாமதத்துக்கும், முற்றத்துக்கும், படுக்கத் தகுந்த மாடிக்கும் அச்சூத்திரத்தில் தனி இடமில்லை. அந்தக் கணக்கு மட்டுமே வழிகாட்டினால், அது இறுதியில் எல்லாரையும் ஏசிக்கே இட்டுச்செல்லும்.

பிரதம மந்திரியின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சப் பரப்பு, சமையலிடம் உட்பட, 25 சதுர மீட்டர். தார்ப் பகுதியில் இந்த 25 சதுர மீட்டர், வெற்றுக் கான்கிரீட் தளத்தோடு ஒரே அறையாகக் கட்டப்பட்டால் மே மாதத்தில் பகலிலும் இரவிலும் இருக்க முடியாத இடமாகிவிடும். அதே பரப்பைக் கனத்த ஓர் அறை, இலேசான ஒரு தாழ்வாரம், மதில் சூழ்ந்த ஒரு முற்றம், படியேறிப் படுக்கத்தக்க ஒரு வெண்தளம் என்று பிரித்துக் கொடுத்தால் குடும்பத்துக்கு 24 மணி நேரமும் தங்க ஓரிடம் இருக்கும். ஊரக வளர்ச்சி அமைச்சகம் வட்டாரத்துக்கேற்ற வடிவமைப்புகளை ஏற்கனவே தொகுத்திருக்கிறது. எனவே யோசனைக்குப் பஞ்சமில்லை. ஜெய்சல்மேர், பார்மேர், பீகானேர், ஜோத்பூர் மாவட்டங்களின் அரசு வீடுகளில் மாடிப்படியையும் ஆளுயரக் கைப்பிடிச் சுவரையும் கூரை வெப்பக்காப்பையும் ஆடம்பரம் என்று தள்ளாமல் உதவித்தொகைக்குள் சேர்க்க வேண்டும். அதற்கான கூடுதல் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும்.